காயம் ஆறியவருக்கு வேலை எங்கே?

ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம். நடுவிரலுக்கு 12. மோதிர விரல், சுண்டு விரல் என்றால் தலா 7. கட்டைவிரல் போனால் 30; ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு இணைந்த அட்டவணை இப்படித்தான் கணக்குப் போட்டது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போகும் என்று விரற்கணு வரை பிரித்து எழுதிவைத்திருக்கிறார்கள். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயிலும் இதே கணக்குதான். இழப்பை அளக்க ஓர் அளவுகோல் தேவை. அது இருப்பதில் தவறில்லை. ஆனால், ஆள்காட்டி விரலை இழந்தவரிடம் அந்த அட்டவணைப்படியே இன்னும் 86 சதவீதத் திறன் மிச்சம் இருக்கிறது. அந்த 86-ஐ வைத்துக்கொண்டு அவர் எந்த வேலைக்கு, எப்போது, யாருடைய பொறுப்பில் திரும்புவது? தனியார் தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கு இந்தக் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்வதில்லை. போன விரலுக்குப் பணம் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று இருக்கிறோம். காயம்பட்ட தொழிலாளியை அவருக்கு ஏற்ற வேலையில், பாதுகாப்பாக, மீண்டும் அமர்த்துவதும் இழப்பீட்டைப் போலவே சட்டக் கடமையாக வேண்டும்.

நாட்டிலேயே தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருப்பது தமிழ்நாடு. அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் கோவையிலும் வாகன உதிரிபாகமோ பம்ப் பாகமோ தயாராகும் கூடங்களில் பவர் பிரஸ் இல்லாத இடம் அரிது. தகட்டைக் கையால் டைக்கு நடுவே வைக்க வேண்டும். பெடலை மிதித்தால் மேலிருந்து அடி விழும். வெட்டுப்பட்ட துண்டை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான முறை கை உள்ளே போய் வெளியே வருகிறது. இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால் மட்டுமே அடிக்கும் அமைப்பு இருந்தால் கை தப்பும். கை உள்ளே இருந்தால் அடியை நிறுத்தும் சென்சார் இருந்தாலும் தப்பும். உற்பத்தி குறைகிறது என்று அவற்றைக் கழற்றி வைத்திருந்தாலோ, தேய்ந்த கிளட்ச் காரணமாக இயந்திரம் தானாக இரண்டாவது முறை அடித்தாலோ விரல் போய்விடும். ஹரியானாவின் மானேசர் வட்டாரத்தில் காயம்பட்ட வாகன உதிரிபாகத் தொழிலாளர்களுடன் பணியாற்றும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது பவர் பிரஸ்ஸும் நசுங்கிய விரல்களும்தான். பலருக்கு இஎஸ்ஐ அட்டையே விபத்துக்குப் பிறகுதான் கைக்கு வருகிறது என்பதையும் அந்த அறிக்கைகள் பதிவு செய்துள்ளன.

விரல் போனவருக்குச் சிகிச்சை அளிப்பதில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கைச் சிகிச்சைப் பிரிவு பிற்காலத்தில் தனி நிறுவனமாக வளர்ந்தது. கோவை கங்கா மருத்துவமனையில் துண்டான கையைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையைக் கற்க வெளிநாட்டு மருத்துவர்கள் வருகிறார்கள். நரம்பைத் தைக்கிறார்கள், தசைநாரை மாற்றிப் பொருத்துகிறார்கள், மாதக்கணக்கில் பிசியோதெரபி கொடுத்துக் கையை மடக்கி நீட்ட வைக்கிறார்கள். இவ்வளவு உழைப்பும் ஒரு தாளில் வந்து முடிகிறது: இன்ன தேதியிலிருந்து பணிக்குத் தகுதியானவர் என்ற ஃபிட்னஸ் சான்றிதழ். எந்த வேலைக்குத் தகுதி, எத்தனை கிலோ தூக்கலாம், அதிரும் கருவியைப் பிடிக்கலாமா, இரவு ஷிஃப்ட் பார்க்கலாமா என்பது பற்றி அதில் ஒரு சொல் இருக்காது. முந்தைய நாள் வரை ‘தகுதியில்லை’. மறுநாள் காலை ‘தகுதி’. உடம்பு அப்படி ஒரே இரவில் மாறுவதில்லை என்பது கையெழுத்துப் போடும் மருத்துவருக்கும் தெரியும்.

மருத்துவரை மட்டும் குறை சொல்ல முடியாது. சட்டம் போட்டுத் தந்த தடம் அப்படி. 1948-ஆம் ஆண்டு இஎஸ்ஐ சட்டம் தற்காலிக இயலாமையை விபத்துக்கு முன் பார்த்துவந்த வேலையைச் செய்ய முடியாத நிலை என்றே வரையறுத்தது. வேறு வேலை செய்ய முடியுமா என்று அது கேட்கவே இல்லை. அந்த இயலாமை நீடிக்கும் வரை கூலியில் 90 சதவீதம் உதவித்தொகை உண்டு. உலகின் பல நாடுகளோடு ஒப்பிட்டாலும் இது நல்ல ஏற்பாடு; அதைக் குறைக்கச் சொல்ல நான் ஒருநாளும் வரமாட்டேன். ஆனால் அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவு, கூலி பெற்று வேலை செய்த நாளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்றது. ஆறு வாரம் வீட்டில் இருந்தவர் தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்கும் வேலையைச் செய்து கையைப் பழக்கிக்கொள்ள விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி மூன்று மணி நேரக் கூலி கொடுத்தால் அந்த நாளின் உதவித்தொகை முழுவதும் போய்விடும். ஆகவே அவர் வரமாட்டார். வராமலிருப்பதே அவருக்கு நியாயம். முழுதாக வீட்டில் இருப்பது, முழுதாகப் பழைய இயந்திரத்துக்குப் போவது என்ற இரண்டு வாசல்களைத்தான் சட்டம் திறந்துவைத்திருக்கிறது. படிப்படியாகத் திரும்ப வழியே இல்லை. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த நடுவழியைப் போட்டுத் தரவில்லை.

அறுவைச் சிகிச்சை மட்டும் போதாது என்பதைத் தமிழ்நாடு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை வேலூர் சிஎம்சியில் நிமிர்த்திக் கொடுத்தார் டாக்டர் பால் பிராண்ட். நிமிர்ந்த கையோடு ஊர் திரும்பியவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அதனால்தான் சிஎம்சி வளாகத்திலேயே தச்சுவேலை முதலானவற்றைக் கற்றுத்தரும் மறுவாழ்வு இல்லம் ஒன்றையும் அவர் தொடங்க வேண்டியிருந்தது. சிஎம்சியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். வழக்கமான கணக்குப்படி ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரின் பணிவாழ்வு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால், கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். அந்த வேலை அவருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்து நோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1963-இல் சிஎம்சியின் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அவரது மனவுறுதியைப் புகழ்ந்து நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர் பணியாற்றிய நிறுவனம் என்ன செய்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவரால் இனி எது முடியாது என்று பட்டியல் போடாமல், எது முடியும் என்று பார்த்து வேலையை அதற்கேற்ப அமைத்தது. ஒரு மருத்துவருக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு பிரஸ் ஓட்டுகிறவருக்கும் கிடைக்க வேண்டும் என்றால் அது நிர்வாகத்தின் நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது.

இதைக் கருணை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாதபடி ஆய்வுச் சான்றும் இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், முதுகுவலியால் நான்கு வாரங்களுக்கு மேல் வேலைக்கு வராத 130 தொழிலாளர்களை 31 பணியிடங்களிலிருந்து தேர்ந்து நடத்திய ஆய்வு 1997-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்குச் சிகிச்சையோடு, பணியமைப்பு நிபுணர் ஒருவர் நேரடியாக வேலைக்களத்துக்கே சென்று, தொழிலாளியையும் மேற்பார்வையாளரையும் தொழிற்சங்கப் பிரதிநிதியையும் உட்காரவைத்து எதை மாற்றலாம் என்று பேசி முடிவெடுத்தார். இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட 2.4 மடங்கு விரைவாகப் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். பலன் பெரும்பகுதி மருத்துவமனையிலிருந்து வரவில்லை, வேலைக்களத்தில் செய்த மாற்றத்திலிருந்து வந்தது. பிரிட்டனில் ஆய்வாளர்கள் வாடெல், பர்ட்டன் இருவரும் 2006-இல் செய்த விரிவான தொகுப்பாய்வும் வேலை பொதுவாக உடலுக்கும் மனதுக்கும் நல்லது, வேலையின்றி நீண்ட காலம் இருப்பது கெடுதல் என்ற முடிவுக்கு வந்தது. அந்த வேலை பாதுகாப்பானதாகவும் பொருத்தமானதாகவும் இருந்தால்தான் இது பொருந்தும் என்றும் அவர்கள் சொன்னார்கள். அந்த நிபந்தனையை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பிற நாடுகள் இதைச் சட்டமாக்கியிருக்கும் விதத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஜெர்மனியில் ஓர் ஆண்டில் ஆறு வாரங்களுக்கு மேல் ஒருவர் உடல்நலக் குறைவால் வராவிட்டால், அவர் எப்படித் திரும்பலாம் என்று பேச முதலாளி அழைத்தே தீர வேண்டும். 2004 முதல் இது கட்டாயம். நாளுக்கு இரண்டு மணி, நான்கு மணி என்று படிப்படியாக நேரத்தைக் கூட்டிக்கொண்டு போகும் முறையும் அங்கே உண்டு. அந்தக் காலம் முழுவதும் தொழிலாளி சட்டப்படி இன்னும் குணமாகாதவர்தான், காப்பீட்டுத் தொகை நிற்காது. நம் 63-ஆம் பிரிவுக்கு நேர் எதிரான ஏற்பாடு. நெதர்லாந்தில் நோயுற்ற தொழிலாளிக்கு இரண்டு ஆண்டுகள் வரை கூலியில் குறைந்தது 70 சதவீதத்தை முதலாளியே கொடுக்க வேண்டும். எட்டாவது வாரத்துக்குள் திரும்புவதற்கான திட்டத்தை இருவரும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதலாளி போதுமான முயற்சி எடுக்கவில்லை என்றால் மூன்றாம் ஆண்டும் கூலி கொடுக்க நேரிடும். இவை பணக்கார நாடுகள், நமக்கு ஒத்துவராது என்று சொல்லலாம். தமிழர்கள் பலர் உழைக்கும் மலேசியாவைப் பார்ப்போம். அங்கே பெர்கெசோ எனும் தொழிலாளர் காப்பீட்டு நிறுவனம், நம் இஎஸ்ஐக்கு ஒன்றுவிட்ட உறவு போன்றது. 2007 முதல் அது பணிக்குத் திரும்பும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. காயம்பட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்படுகிறார். மருத்துவரிடம் பேசுவது, முதலாளியிடம் பேசுவது, பழைய வேலை முடியாதென்றால் வேறு வேலை தேடுவது எல்லாம் அவர் பொறுப்பு.

நம்மிடம் அப்படி ஒருவர் இல்லாததுதான் பெரிய ஓட்டை. இஎஸ்ஐ மருந்தகமும் மருத்துவமனையும் பெரும்பாலும் மாநில அரசின் கையில். உதவித்தொகை கொடுக்கும் கிளை அலுவலகம் மத்திய அரசின் கழகத்தின் கையில். இயந்திரத்துக்குத் தடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பது மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். மருத்துவர் இயந்திரத்தைப் பார்ப்பதில்லை, ஆய்வாளர் கையைப் பார்ப்பதில்லை, கிளை அலுவலகம் இரண்டையும் பார்ப்பதில்லை. தொழிலாளிதான் கட்டுப்போட்ட கையோடு மூன்று வாசலுக்கும் அலைகிறார். இஎஸ்ஐயில் தொழில் மறுவாழ்வுப் பயிற்சிக்கு உதவி உண்டு, செயற்கை உறுப்புக்கும் உதவி உண்டு. அவை புதுத் தொழில் கற்க உதவும். பழைய பட்டறைக்கே திரும்ப நினைப்பவருக்கு வேலையைப் பொருத்தித் தர அவை போதாது.

அரசு ஊழியருக்கு மட்டும் நிலைமை வேறு. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும், அப்படிப் பணியிடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொன்னது. 2016-ஆம் ஆண்டு சட்டத்தின் 20-ஆம் பிரிவும் அதைத் தொடர்கிறது. பணியில் காயம்பட்டுக் காலை இழந்த காவலர் குணால் சிங்கின் வழக்கில், ஊன ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்பது அவரை வெளியே அனுப்பக் காரணமாகாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு வேறு, வேலை உரிமை வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. தனியார் தொழிலாளிக்கு இஎஸ்ஐ சட்டத்தின் 73-ஆம் பிரிவு உதவித்தொகை பெறும் காலத்தில் வேலைநீக்கத்திலிருந்து பாதுகாப்புத் தந்தது. அந்தக் காலம் முடிந்த மறுநாள் அவர் தனியாள். போதாததற்கு, 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டம் தொடர் உடல்நலக் குறைவால் ஒருவரை நீக்குவதை ஆட்குறைப்பு என்றே கருதவில்லை. ஆட்குறைப்பு இழப்பீடும் அதனால் இல்லாமல் போயிற்று.

சிறு முதலாளிகளின் ஆட்சேபம் நியாயமானது, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதினைந்து பேர் வேலை பார்க்கும் பட்டறையில் எல்லாமே பிரஸ், லேத், கிரைண்டர்தான். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு எங்கே போவது என்கிறார்கள். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சிறிய பட்டறையிலும் கேஜ் வைத்து அளவு பார்ப்பது, கருவி அறையில் பொருள் கொடுத்து வாங்குவது, பேக்கிங், சரக்குப் பதிவு என்று சில வேலைகள் பலர் கையில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துக் கட்டினால் சில மாதங்களுக்கு ஒருவருக்குப் போதும். ஆள்காட்டி விரல் இல்லாதவரால் வெர்னியரை நடுவிரலால் பிடித்து அளக்கப் பழக முடியும்; அதற்குச் சில வாரப் பயிற்சி வேண்டும், அவ்வளவே. இரண்டாவது, ஒரே பட்டறையால் முடியாததை ஒரு தொழிற்பேட்டையால் செய்ய முடியும். அம்பத்தூரிலும் கோவையிலும் சிறுதொழில் சங்கங்கள் வலுவாக இருக்கின்றன. ஒரு பட்டறையில் காயம்பட்டவரைப் பக்கத்துப் பட்டறையின் தரச் சோதனைக்கு அனுப்பும் ஏற்பாட்டை அவை செய்யலாம். கூலி வித்தியாசத்தை இஎஸ்ஐ ஏற்கலாம்: முழு நாளும் வீட்டில் இருப்பவருக்கு 90 சதவீதம் கொடுப்பதைவிட அரை நாள் வேலை செய்கிறவருக்கு மீதிப் பகுதியைக் கொடுப்பது கழகத்துக்கும் செலவு குறைவு.

தொழிற்சங்கங்கள் எழுப்பும் ஆட்சேபத்தை நான் இன்னும் கனமானதாகக் கருதுகிறேன். ‘லைட் ஒர்க்’ என்ற பெயரில் பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். காயம்பட்டவரை மறுநாளே வண்டி அனுப்பி அழைத்துவந்து ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்தால், விபத்தால் ஒரு நாள்கூட வேலை இழக்கவில்லை என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். வாசலில் இருக்கும் ‘விபத்தில்லா நாட்கள்’ பலகையின் எண் குறையாது. பெரிய வாடிக்கையாளர் நிறுவனம் கேட்கும் பாதுகாப்பு மதிப்பெண்ணும் கெடாது. தொழிலாளிக்கோ வலியோடு எட்டு மணி நேரம், பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. இதற்குப் பெயர் பணிக்குத் திரும்புதல் அல்ல, விபத்தை மறைத்தல். ஆகவே சட்டத்தில் நான்கு காப்புகள் இல்லாமல் இந்தக் கடமையை எழுதக் கூடாது. எந்த வேலை, எத்தனை மணி, எத்தனை வாரம் என்பதை முதலாளி நியமித்த மருத்துவர் அல்லாத ஒருவர் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொழிலாளியின் சம்மதம் வேண்டும். மறுத்தால் உதவித்தொகை நிற்கக் கூடாது. அடிப்படைக் கூலி குறையக் கூடாது. லைட் ஒர்க் பார்த்த நாட்களும் விபத்துக் கணக்கில் வர வேண்டும். கடைசிக் காப்பு மட்டும் இருந்தாலே மறைக்கும் ஆசையில் பாதி போய்விடும்.

பொய் சொல்லிச் சலுகை பெறுவார்கள் என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. வெட்டுப்பட்ட விரலைப் பொய்யாகக் காட்ட முடியாது. முதுகுவலி போன்றவற்றில் சந்தேகம் வரும் இடங்களில்கூட, வீட்டில் வைத்துச் சந்தேகிப்பதைவிட ஏற்ற வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது இரு தரப்புக்கும் நேர்மையான வழி.

திரும்புதல் என்று எழுதும்போதெல்லாம் ‘பாதுகாப்பாக’ என்ற நிபந்தனையைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. விரலைப் பறித்த அதே பிரஸ் அதே தேய்ந்த கிளட்சோடு காத்திருந்தால், அங்கே ஆளைத் திரும்ப அனுப்புவது குற்றம். காயம்பட்டவர் திரும்பும் முன் அந்த இயந்திரம் சரிசெய்யப்பட்டதை ஆய்வாளர் சான்றளிக்க வேண்டும் என்ற ஒற்றை விதி, அவரை மட்டுமல்ல, அவர் இடத்தில் இப்போது நிற்கும் புதுப் பையனையும் காக்கும். அந்தப் பையன் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. வடமாநிலத்திலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். அவருக்குக் காயம் பட்டால் ஒப்பந்ததாரர் கைச்செலவுக்குப் பணம் கொடுத்து ரயில் ஏற்றிவிடுவார். யாருடைய இயந்திரத்தில் விபத்து நடந்ததோ அந்த நிறுவனத்தின் மீதே திரும்ப அமர்த்தும் கடமை விழ வேண்டும். ஒப்பந்ததாரரைக் காட்டி முதன்மை நிறுவனம் தப்பிக்க இடம் தந்தால் இந்தச் சட்டம் யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு எட்டாமலே போகும்.

இன்னொன்றைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்குத் திரும்பினால் நிரந்தர ஊன உதவித்தொகை நின்றுவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. இஎஸ்ஐயின் நிரந்தர ஊன உதவித்தொகை, வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் தொடரும். இதை ஒவ்வொரு மருந்தகச் சுவரிலும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிவைத்தாலே பலர் துணிந்து திரும்புவார்கள்.

முழுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உதவித்தொகையை மறுத்த அந்த 63-ஆம் பிரிவே, ஒழுங்குமுறைகளில் வேறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தாலன்றி என்ற விலக்கோடுதான் எழுதப்பட்டது. படிப்படியாகத் திரும்புகிறவருக்கு எட்டு வாரமோ பன்னிரண்டு வாரமோ பகுதி உதவித்தொகை தரும் ஒழுங்குமுறையை வகுக்க இஎஸ்ஐ கழகம் முன்வர வேண்டும். ஃபிட்னஸ் சான்றிதழில் ‘தகுதி’, ‘தகுதியில்லை’ என்பதற்கு நடுவே ‘இந்த நிபந்தனைகளோடு தகுதி’ என்ற மூன்றாவது கட்டத்தைச் சேர்க்கலாம். பிரிட்டன் 2010-இல் செய்தது இதைத்தான். தமிழக அரசு தன் பங்குக்கு, கை அறுவைச் சிகிச்சைப் பிரிவும் இஎஸ்ஐ மருத்துவமனையும் தொழிற்பேட்டைகளும் அருகருகே இருக்கும் சென்னையிலும் கோவையிலும் தலா ஒரு குழுவை அமர்த்தலாம்: ஒரு பிசியோதெரபி நிபுணர், ஒரு தொழிலக ஆய்வாளர், காயம்பட்டவருக்குப் பொறுப்பான ஓர் அலுவலர். அவர்கள் ஆண்டுதோறும் ஒரே ஒரு எண்ணை வெளியிட்டால் போதும்: காயம்பட்டவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் வேலையில் இருக்கிறார்கள் என்ற எண். தொழிலாளர் நலத்துறை அமைச்சர் வரும் மானியக் கோரிக்கையிலேயே இந்த இரு குழுக்களையும் அறிவிக்க வேண்டும்.